மலைக்குக் கேபின் ஏற்றுவது: கோத்தகிரி ரோட்டு அனுபவம்

மலையில் வைக்க, இரும்பில் செய்து தயாராக வரும் அறையான போர்ட்டா கேபின் வாங்குவதென்றால், அட்வான்ஸ் கொடுக்குமுன் பாதையை அளந்துவிடுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வரை லாரிக்குப் பெரிய சிரமமில்லை. மெயின் ரோட்டை விட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குள் பிரியும் கடைசி அரை கிலோமீட்டரில்தான் வண்டி மாட்டிக்கொள்ளும். பாதை எங்கே மிகவும் குறுகுகிறது, வளைவில் மண் திட்டுக்கும் சரிவுக்கும் நடுவே எத்தனை அடி, குறுக்கே போகும் கரன்ட் வயர் எவ்வளவு உயரம் என்று மூன்றையும் டேப் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். லாரித் தளம் தரையிலிருந்து ஏறக்குறைய 4 அடி, கேபின் எட்டரை அடி. ஆகப் பன்னிரண்டரை அடி. வயரும் சில்வர் ஓக் மரக்கிளையும் 14 அடிக்கு மேல் இருந்தால் நிம்மதி. தாழ்ந்து தொங்கும் வயரைக் கம்பால் தூக்கிவிட்டு வண்டியை நுழைப்பவர்கள் இருக்கிறார்கள். உயிர் போகிற வேலை அது. மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து, லைனை நிறுத்தச் சொல்லிவிட்டே நுழையுங்கள்.

20 அடிக்கு 10 அடி, 20 அடிக்கு 8 அடி இரண்டு அளவும் கோவைப் பக்கம் கிடைக்கும். 8 அடியையே வாங்குங்கள். சரக்கு வண்டிக்குச் சட்டம் அனுமதிக்கும் அகலம் 2.6 மீட்டர். 8 அடி என்பது 2.44 மீட்டர், அடங்கிவிடும். 10 அடி 3 மீட்டரைத் தாண்டும். தனி அனுமதி வேண்டும், அது கிடைத்தாலும் வளைவில் எதிரே பஸ் வந்தால் இருவருக்குமே வழியில்லை. அகலம் போதாதென்றால் 8 அடிக் கேபின் இரண்டை மேலே கொண்டுபோய்ச் சேர்த்துக்கொள்ளலாம். லாரியே போகாத இடத்துக்குப் பேனலாகக் கழற்றி மாட்டும் வகைதான் சரி, பிக்கப்பில் போய்விடும்.

பழைய கேபின் என்றால் உள்ளே அழகு பார்ப்பதற்கு முன் அடியில் குனிந்து பாருங்கள். அடிச்சட்டத்தின் இரும்பு விட்டமான சி சேனலை ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் துரு உதிர்கிறதா, தூக்கும் கொக்கிகளின் வெல்டிங்கில் கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுவருக்குள் 50 மி.மீ. பஃப், அதாவது குளிர் தடுக்கும் நுரை அடைப்பு, இருப்பதே மலைக்கு ஏற்றது. வெறும் தகரம் என்றால் டிசம்பர் குளிரில் உள்பக்கம் வியர்த்துக் கூரையிலிருந்து சொட்டும்.

கேபின்தானே என்று அனுமதியை விட்டுவிடாதீர்கள். ஊராட்சி அலுவலகத்தில் முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நீலகிரியில் ஜேசிபி வைத்து மண் வெட்டவும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். சரிவை வெட்டுவதைவிட, மேட்டுப்பக்கம் குட்டையும் பள்ளப்பக்கம் நெட்டையுமாக, ஒரு பக்கத்துக்கு 4 வீதம், கேபினைத் தாங்க 8 கான்கிரீட் பெடஸ்டல் தூண்கள் கட்டுவது செலவும் குறைவு, மழைக்கும் பத்திரம். மேட்டுப்பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிடுங்கள்.

ஏற்றுவதற்கு ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். மே சீசனில் பகலில் கனரக வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வரும். அக்டோபர், நவம்பரில் இந்த ரோட்டில் மண் சரியும்.

லாரியில் ஏற்றியதும் ஜன்னல் கண்ணாடிகளைக் கழற்றித் துணியில் சுற்றி உள்ளே வையுங்கள். வாசல் சட்டத்துக்குக் குறுக்கே ஒரு மரக்கட்டையை மூலைவாட்டில் இறுக்கி அடித்துவிட்டால், வளைவுகளில் சட்டம் கோணாது. இதை விட்டால் மேலே போனபின் கதவு சாத்தாது. கேபினை லாரியோடு கட்டக் கயிறு வேண்டாம், நெம்பி இறுக்கும் ராட்செட் பெல்ட் போடுங்கள். முதல் சில வளைவுகளிலேயே பெல்ட் தளரும். குஞ்சப்பனை செக்போஸ்ட் தாண்டி ஓரம் கட்டி எல்லாவற்றையும் மறுபடி இறுக்கச் சொல்லுங்கள்.

20க்கு 8 கேபின் இரண்டு டன் அளவுக்கு வரும். அதை இறக்க 14 டன் ஹைட்ரா கிரேன் தாராளம் என்று தோன்றும். ஆனால் அந்த 14 டன், கிரேனின் கையான பூம் நீளாமல் இருக்கும்போது சொல்லும் கணக்கு. பூம் நீள நீளத் திறன் மளமளவென்று குறையும். அதனால் ஹைட்ரா நிற்கச் சமதளம் பெடஸ்டலுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். சரிவில் கேபினைத் தொங்கவிட்டபடி ஹைட்ராவை நகர்த்தச் சம்மதிக்காதீர்கள், கவிழும்.

இறக்கியதும் கேபின் தரையின் இரண்டு மூலைவிட்டங்களும் சமமா என்று அளந்து, ரசமட்டம் பார்த்து, அதன்பின் நங்கூர போல்ட்டை முடுக்குங்கள். முழுக்க இரும்பு என்பதால் தனி எர்த்தும், கரன்ட் கசிந்தால் தானே நிறுத்திவிடும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் போடாமல் கரன்ட் கொடுக்கக் கூடாது. முதல் பெருமழைக்குப் பின் மறுபடி ரசமட்டம் வையுங்கள். கதவு தரையில் உரசினால் கீலைக் கழற்ற வேண்டாம். பெரும்பாலும் ஒரு பெடஸ்டல் இறங்கியிருக்கும். அந்த மூலையின் போல்ட்டைத் தளர்த்தி, ஜாக்கி போட்டு, இறங்கிய அளவுக்கு இரும்புத் தகடு சொருகினால் சரியாகிவிடும்.