கணக்கு நோட்டில் குறைந்த ஐம்பது டாலர்

முதலில் கண்டுபிடித்தது என் மனைவி. 2013 ஜனவரி 11, வெள்ளிக்கிழமை சாயங்காலம். நான் வேலை முடிந்து வந்து பனி படிந்த ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "ஏங்க, நடுவுல லீவு எதுவும் போட்டீங்களா?" என்றாள். இல்லையே என்றேன். "அப்புறம் ஏன் சம்பளம் குறைஞ்சிருக்கு?"

அவள் திருச்சியில் ஒரு வங்கியில் ஐந்து வருஷம் வேலை பார்த்தவள். ஹெச்1பி வேலை விசாக்காரரின் குடும்பத்தாருக்கான ஹெச்4 விசாவில் வந்தவர்களுக்கு அப்போது இங்கே அமெரிக்காவில் வேலை செய்ய அனுமதி இல்லை. அவர்களில் ஒரு பகுதியினருக்கு அது கிடைத்ததே 2015-இல்தான். வங்கியில் ஓடிய அவள் மூளை முழுவதும் எங்கள் வீட்டுக் கணக்கு நோட்டில் இறங்கியிருந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த நீளமான கோடு போட்ட நோட்டு. அதில் இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. நியூஜெர்சி எடிசனில் அபார்ட்மென்ட் வாடகை, கார் இன்சூரன்ஸ், ஓக் ட்ரீ ரோட்டில் வாங்கும் மளிகை, ஊருக்கு அனுப்புவது என்று ஒரு டாலர் கூடத் தப்பாது.

டிசம்பர் 28 சம்பளச் சீட்டையும் ஜனவரி 11 சீட்டையும் சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். இரண்டு வாரச் சம்பளம் இரண்டிலும் 2,500 டாலர்தான். முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கான மெடிகேர் பிடித்தம் இரண்டிலும் 36.25. கூட்டரசு வருமான வரியில் ஓரிரு டாலர் வித்தியாசம், அவ்வளவுதான். 'ஓஏஎஸ்டிஐ' என்று ஒரு பிடித்தம் இருந்தது. அதில் டிசம்பரில் 105.00, ஜனவரியில் 155.00. அவள் அந்த எண்ணைப் பென்சிலால் வட்டமிட்டாள். "இது என்ன?"

வெட்கமாக இருந்தது. இரண்டு வருஷமாக அந்தப் பிடித்தத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அது என்ன என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அது சோஷியல் செக்யூரிட்டிக்கான பிடித்தம். முதியோர் ஓய்வூதியம், இறந்தவரின் குடும்பத்துக்கும் உடல் முடியாமல் போனவர்களுக்கும் தரும் தொகை, எல்லாம் இதிலிருந்துதான் போகிறது. சம்பளத்தில் தொழிலாளி 6.2 சதவீதமும் முதலாளி 6.2 சதவீதமும் கட்ட வேண்டும் என்பது பல வருஷமாக உள்ள விகிதம். 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு மக்கள் கையில் கொஞ்சம் காசு புரளட்டும் என்று, 2010 டிசம்பரில் ஒபாமா கையெழுத்திட்ட ஒரு சட்டம், தொழிலாளியின் பங்கை மட்டும் 2011-க்கு 4.2 ஆகக் குறைத்தது. குறைந்த தொகையை அரசின் பொதுக் கணக்கிலிருந்து ஓய்வூதிய நிதிக்கு ஈடு கட்டினார்கள். அப்புறம் அதை முதலில் இரண்டு மாதம், பிறகு 2012 முடியும்வரை என்று நீட்டினார்கள். 2013 பிறந்ததும் அது முடிந்துபோனது. புதிதாக யாரும் வரி போடவில்லை. குறைத்து வைத்திருந்தது பழைய இடத்துக்குத் திரும்பியது.

ஆனால் நாங்கள் வந்து இறங்கியது 2011 மார்ச்சில். எங்களுக்குத் தெரிந்த அமெரிக்கா 4.2 சதவீத அமெரிக்காதான். நீல நிற சோஷியல் செக்யூரிட்டி அட்டை தபாலில் வந்த அன்று, ஒன்பது இலக்க எண்ணை இருவரும் மனப்பாடம் செய்தோம். எந்த வாடகைக்கு வீடு பிடிக்கலாம், ஊருக்கு எவ்வளவு அனுப்பலாம் என்று அன்று போட்ட கணக்கெல்லாம் அந்தக் குறைந்த பிடித்தத்தின் மேல் போட்டது. இருபது வருஷமாக இங்கே இருப்பவருக்கு அது இரண்டு வருஷம் கிடைத்த சலுகை. புதிதாக வந்தவனுக்கு அதுதான் சம்பளம்.

மாதத்துக்குக் கிட்டத்தட்ட நூறு டாலர். அன்றைய மதிப்பில் ஐயாயிரத்து நானூறு ரூபாய் வரும். அது அம்மாவின் சர்க்கரை மருந்துக்கும் பரிசோதனைக்கும் நாங்கள் மாதாமாதம் அனுப்பிய பணத்துக்குச் சரியாக இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. வரும் திங்கள் பொங்கல் என்பதால் நண்பர் வீட்டில் முன்கூட்டியே கூடினோம். ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுபோனோம். பொங்கல் இலைக்கு வருவதற்குள் பேச்சு சம்பளச் சீட்டுக்கு வந்துவிட்டது. ஏழு குடும்பத்தில் மூன்று பேர் மட்டும் அதைக் கவனித்திருந்தார்கள். மற்றவர்கள் அங்கேயே போனை எடுத்துப் பார்த்தார்கள். திருநெல்வேலிக்காரர் ஒருவருக்கு முகமே மாறிவிட்டது. இங்கே அவருக்கு அது ஆறாவது வருஷம்.

"பிடிக்கிறது போகட்டும், திருப்பிக் கொடுப்பானா?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஓய்வூதியம் கிடைக்க நாற்பது கிரெடிட், அதாவது வேலை செய்து கட்டினால் சேரும் புள்ளி, வேண்டும். வருஷத்துக்கு நான்குக்கு மேல் சேராது, ஆகவே பத்து வருஷ வேலை. ஹெச்1பி ஆறு வருஷம். கிரீன் கார்டு மனு வரிசையில் நின்றால்தான் அதற்கு மேல் நீட்டிப்பு. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்த வரிசை எவ்வளவு நீளம் என்று சொல்லத் தேவையில்லை. நடுவில் ஊர் திரும்பினால் கட்டிய பணம் கட்டியதுதான். ஜெர்மனி, பிரான்ஸ், ஜப்பான், தென் கொரியா போன்ற நாடுகளோடு அமெரிக்காவுக்கு இதற்கு ஒப்பந்தம் உண்டு. அங்கே கட்டிய காலத்தையும் இங்கே கட்டிய காலத்தையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். இந்தியாவோடு கிடையாது. நம் ஊர் பி.எஃப். என்றால் வேலையை விட்ட பிறகு எழுதிக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். இதில் அந்தப் பேச்சே இல்லை.

அந்தக் கூட்டத்தில் படிப்பு முடித்து, மாணவர் விசாவிலேயே கொஞ்ச காலம் வேலை செய்ய விடும் ஓபிடி அனுமதியில் வேலைக்குச் சேர்ந்திருந்த மதுரைத் தம்பி ஒருவன் இருந்தான். அவன் சீட்டில் அந்த வரியே இல்லை. மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு முதல் ஐந்து ஆண்டு இந்தப் பிடித்தம் கிடையாது. "அண்ணா, எனக்கு ஒண்ணும் குறையலையே" என்றான். "அக்டோபர்ல ஹெச்1பி ஆகட்டும்டா, மொத்தமா தெரியும்" என்றார் திருநெல்வேலிக்காரர். பையன் பிறகு பேசவில்லை. உட்கார்ந்து மனசுக்குள் கணக்குப் போடுவது தெரிந்தது.

திங்கட்கிழமை அலுவலகத்தில் வேறொரு காட்சி. நான் வேலை செய்தது ரேரிட்டன் சென்டர் பக்கம், மருத்துவப் பொருள்களைச் சேமித்து அனுப்பும் ஒரு கம்பெனியின் கணினிப் பிரிவில். முன்னால் அலுவலகம், பின்னால் பெரிய கிடங்கு. சம்பளப் பிரிவு அறைக்கு வெளியே காலையிலேயே எட்டுப் பேர் நின்றார்கள். கிடங்கில் மணிக்கூலிக்கு வேலை செய்பவர்கள். "நான் வேலை செய்தது டிசம்பரில். ஜனவரி வரியை எப்படிப் பிடிக்கலாம்?" என்று ஒருவர் சத்தமாகவே கேட்டார். வேலை செய்த தேதி கணக்கில்லை, சம்பளம் தரும் தேதிதான் கணக்கு என்று உள்ளே இருந்த அம்மா பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மதியத்துக்குள் அதையே ஒரு தாளில் அச்சடித்துக் கதவில் ஒட்டிவிட்டார். பணத்தை கம்பெனி எடுக்கவில்லை என்ற வரி மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது.

வரிசையில் நின்றவர்களில் ஒருவர், பெர்த் அம்பாயிலிருந்து வரும் பேக்கிங் பிரிவு அம்மா. ஐம்பது வயது இருக்கும். ஸ்கேனர் பழுதானால் என்னிடம்தான் வருவார், அதனால் பழக்கம். அன்று மதியம் அவருடைய சீட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். மணிக்கு 11 டாலர், வாரம் நாற்பது மணி நேரம், 440 டாலர். குறைந்தது 8 டாலர் 80 சென்ட். என் ஐம்பதை நினைத்துக்கொண்டு பார்த்தபோது முதலில் சின்னத் தொகையாகத்தான் பட்டது. அவர் விரல் விட்டுச் சொன்னார்: அது இரண்டரை கேலன் பெட்ரோல். அவருடைய பழைய காருக்கு மூன்று நாள் வேலைக்கு வந்துபோக ஆகிற பெட்ரோல். "தொலைக்காட்சியில் பணக்காரர்களுக்கு மட்டும்தான் வரி ஏறுகிறது என்றார்களே, நான் எப்போது பணக்காரி ஆனேன்?" என்று கேட்டார். சிரிக்கவில்லை. உண்மையாகவே என்னிடம் விளக்கம் கேட்டார்.

அவர் கேட்டதில் தவறே இல்லை. அந்த டிசம்பர் முழுவதும் டிவியில் 'ஃபிஸ்கல் கிளிஃப்' தவிர வேறு பேச்சில்லை. வருஷம் பிறந்ததும் வரி உயர்வும் அரசுச் செலவுக் குறைப்பும் ஒரே நேரத்தில் வந்து விழும் என்ற நெருக்கடிக்கு அந்தப் பெயர். யாருக்கு வரி ஏறும், இரண்டரை லட்சம் டாலருக்கு மேலா, நான்கு லட்சத்துக்கு மேலா என்று வாதம். கடைசியில் ஜனவரி முதல் தேதி இரவு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டத்தை நிறைவேற்றியது. தனிநபருக்கு நான்கு லட்சம், தம்பதிக்கு நான்கரை லட்சத்துக்கு மேல் உள்ள வருமானத்துக்குத்தான் உச்ச விகிதம் 39.6 சதவீதம். நடுத்தர மக்களுக்கு வருமான வரி ஏறவில்லை என்று இரண்டு கட்சியும் நிம்மதியாகச் சொன்னார்கள். வருமான வரி ஏறவில்லை, அது நிஜம். ஆனால் வாஷிங்டனில் உள்ள வரிக் கொள்கை மையம் போட்ட கணக்கின்படி, அந்த வருஷம் 77 சதவீதக் குடும்பங்கள் கூடுதல் கூட்டரசு வரி கட்ட வேண்டியிருந்தது. பெரும்பாலோருக்குக் காரணம் இந்தச் சம்பளப் பிடித்தம்தான்.

எனக்கு இன்றும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. 2011 டிசம்பரில் இதே சலுகை முடியப்போகிறது என்று வந்தபோது, வெள்ளை மாளிகை மக்களிடம் 'நாற்பது டாலர் உங்களுக்கு என்ன?' என்று கேட்டது. ஐம்பதாயிரம் டாலர் சம்பளக்காரருக்கு இரண்டு வாரத்துக்கு ஏறத்தாழ அவ்வளவு. ஆயிரக்கணக்கானோர் எழுதினார்கள். பலன், சலுகை நீடித்தது. ஒரு வருஷம் கழித்து அதே நாற்பது டாலர் போகிறபோது அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. ஒரு கட்சி எடுத்ததாகவும் இன்னொரு கட்சி தடுத்ததாகவும் இல்லை. இரண்டும் பார்த்துக்கொண்டிருக்கவே அது போனது. முடிந்தே ஆக வேண்டிய சலுகை என்றால் முடியட்டும். நவம்பரிலேயே சொல்லியிருந்தால் பேக்கிங் பிரிவு அம்மா கிறிஸ்துமஸ் செலவில் கொஞ்சம் கையைச் சுருக்கியிருப்பார். என்னைக் கேட்டால், குறைந்த பணத்தை விடக் கோபம் வரவேண்டியது இதற்குத்தான்.

எல்லாரும் கோபப்பட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. எங்கள் கணக்குப் பிரிவில் 64 வயதுப் பெரியவர் ஒருவர். இன்னும் இரண்டு வருஷத்தில், 66-இல், முழு ஓய்வூதியம் வாங்கப் போகிறவர். அவருக்கு இந்தச் சலுகை முடிந்ததில் சந்தோஷம். "அந்த நிதியில் அரசு தன் கையால் பணம் போட ஆரம்பித்தால், நாளைக்கு இது உரிமை இல்லை, இனாம் என்பார்கள்" என்றார். அதிபர் ரூஸ்வெல்ட் 1935-இல் இதைக் கொண்டுவந்தபோது தொழிலாளியின் சம்பளத்திலிருந்தே பிடிக்க வைத்தது இதற்காகத்தானாம். அவரவர் கட்டியது என்ற உரிமை இருந்தால் எந்த அரசியல்வாதியும் கைவைக்க மாட்டான். அவருடைய அம்மாவுக்கு 88 வயது, மாதம் பிறந்தால் வருவது இந்தப் பணம் மட்டும்தான்.

அவர்தான் ஐடா மே ஃபுல்லர் பற்றிச் சொன்னார். வெர்மான்ட்டைச் சேர்ந்த அந்தப் பெண்மணிதான் 1940 ஜனவரியில் முதல் மாதாந்திர ஓய்வூதியம் வாங்கியவர். தொகை 22 டாலர் 54 சென்ட். மொத்தமாக அவர் கட்டியிருந்தது 24 டாலர் 75 சென்ட். நூறு வயது வரை வாழ்ந்து, இருபத்திரண்டாயிரம் டாலருக்கு மேல் வாங்கினார். இதைக் கேட்ட பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. இது என் பேரில் உள்ள உண்டியல் இல்லை. இன்று வேலை செய்கிறவன் கட்டுவது இன்று வயதானவருக்குப் போகிறது. திருநெல்வேலி நண்பரின் கோபமும் பெரியவரின் சந்தோஷமும் சீட்டிலுள்ள ஒரே வரியைப் பற்றியவை. இரண்டையும் என்னால் தள்ள முடியவில்லை.

பிப்ரவரியில் கடைகளுக்கும் உறைத்தது. வால்மார்ட்டின் உள் மின்னஞ்சல்கள் சில வெளியே கசிந்து, அந்த மாத விற்பனை படுமோசம் என்று பத்திரிகைகளில் வந்தது. வரித் தாக்கல் தொடங்கியதே ஜனவரி 30-இல்தான் என்பதால் திரும்ப வரவேண்டிய பணமும் பலருக்குத் தள்ளிப்போனது. பெட்ரோல் விலை வேறு ஏறிக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டில் என்ன செய்தோம் என்றால், அம்மாவுக்கு அனுப்புவதில் கை வைக்கவில்லை. நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தோம். டிவி சானல் தொகுப்பை நிறுத்தினோம். சனிக்கிழமை மதியம் ஓக் ட்ரீ ரோட்டில் சாப்பிடுவது மாதம் ஒரு முறை ஆனது. இன்னும் பதினெட்டு டாலர் இடித்தது. மனைவி மாதாமாதம் வாங்கும் இரண்டு தமிழ் வார இதழ்களைப் பட்டியலிலிருந்து அடித்தாள். வேண்டாம் என்று நான் சொன்னேன், கேட்கவில்லை. அப்புறம் பக்கத்தின் மேலே தேதி போட்டு எழுதினாள்: பிடித்தம் 6.2, இனி இதுதான்.

எனக்கு ஜூலையில் சம்பளம் கொஞ்சம் கூடியது. முதல் வேலையாக வார இதழ்களைத் திரும்ப வாங்க ஆரம்பித்தோம். பேக்கிங் பிரிவு அம்மாவுக்குக் கூடவில்லை. அவர் மார்ச்சிலிருந்தே சனிக்கிழமை ஷிப்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.