மேடை ஓரத்து ஆட்கள்

நடிகர்களையும் வாத்தியக்காரர்களையும் தனித்தனியாக அழைத்து ஒரே இரவுக்கு நடத்தும் ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் (கதாநாயகன்) புதுக்கோட்டையிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் (கதாநாயகி) மதுரையிலிருந்து, பபூன் திண்டுக்கல்லிலிருந்து. பல சமயம் அன்றைக்குத்தான் ஒருவரை ஒருவர் முதலில் பார்ப்பார்கள். ஆனாலும் இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கும் 'வள்ளி திருமணம்' விடியும்வரை தடங்கல் இல்லாமல் ஓடும். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதி வைத்த பாட்டும் கதைப்போக்கும் எல்லோருக்கும் மனப்பாடம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் மேடை ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் நாங்கள்: ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் (டோலக், சிம்பல் எல்லாவற்றையும் ஒருவரே வாசிப்பது), தாளம். நான் மிருதங்கம்.

நடிகர்கள் தங்கள் காட்சி முடிந்ததும் உள்ளே போய்க் கொஞ்சம் சாய்ந்துகொள்ளலாம். நாங்கள் நகர முடியாது. அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு தானாகவே உண்டாகிவிடும். வசனம் நீண்டால் ஒருவர் கண்ணை மூடுவார், மற்றவர் பார்த்துக்கொள்வார். பாட்டு எடுக்கப்போகிறார் என்று தெரிந்ததும் தொடையில் ஒரு தட்டு. பபூன் இடறி விழுகிற நொடியில் ஆல்ரவுண்ட் தம்பி சிம்பலில் அடிக்கும் அடி ஒருநாளும் பிந்தியதில்லை. அவனுடைய பார்வை எப்போதும் நடிகரின் காலில்தான் இருக்கும்.

ஒரு மாசி மாதத் திருவிழா. நல்ல பனி. வள்ளி தினைப்புனத்தில் பறவை விரட்டும் ஆலோலம் பாட்டைப் பாடி முடித்த நேரம், மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது வலது பக்கத் தோல், சுருதி இறங்கிவிட்டது. நான் சொல்வதற்கு முன்பே ஆர்மோனிய அண்ணன் காதில் வாங்கிவிட்டார். அடுத்த பாட்டுக்கான சுருதியைக் கொடுக்காமல் ராகத்தை வாசிக்க ஆரம்பித்தார். "தம்பி, நீ நிதானமாக் கூட்டு, நான் இழுக்குறேன்" என்றார் குனிந்தபடி. ஒரு கை துருத்தியில், மறு கை கட்டைகளில். நான் கல்லை எடுத்து விளிம்பைச் சுற்றித் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆல்ரவுண்ட் தம்பி டோலக்கை மெதுவாக உருட்டி அந்தத் தட்டல் சத்தம் மைக்கில் விழாமல் மூடிவிட்டான். வேலனாக (முருகனாக) வந்தவரும் விவரமானவர், வள்ளியைச் சுற்றி இரண்டு நடை கூடுதலாக நடந்தார். கூட்டம் அந்த ராகத்துக்குக் கை தட்டியது! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தர்க்கக் காட்சிதான் உண்மையான சோதனை. நாரதரும் வள்ளியும் கேள்விமேல் கேள்வி போட்டு மடக்குவார்கள். சில ஊர்களில் அது சொந்தக் கோபமாகவே மாறிவிடும். அப்போது அண்ணன் யாரையும் அதட்டமாட்டார். இருவருக்கும் பழக்கமான பாட்டின் முதல் அடியை வாசிப்பார், நானும் தாளத்தோடு சேர்ந்துகொள்வேன். பாட்டு வந்துவிட்டால் நடிகர் பாடித்தான் ஆகவேண்டும். பாடி முடிப்பதற்குள் பாதிக் கோபம் போயிருக்கும். பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது, தெரியவும் வேண்டாம். நாடகத்தை உண்மையில் நடத்துகிறவர் ஆர்மோனியக்காரர் என்பது என் முடிவான எண்ணம்.

விடிந்ததும் டீக்கடையில் சம்பளத்தை எண்ணிக்கொண்டு பிரிவோம். அன்று இரவு அண்ணனுக்கு ஒரு ஊர், எனக்கு வேறு ஊர், தம்பிக்கு இன்னொன்று. செட்டாகச் சேர்ந்து போகிற வழக்கம் இல்லை. ஏஜெண்டு போன் செய்து தேதி கேட்டால் ஆர்மோனியம் யார், ஆல்ரவுண்ட் யார் என்றுதான் முதலில் கேட்பேன். சம்பளப் பேச்சு அப்புறம்.