கணவரையும் மகனையும் ஜெர்மனிக்கு அழைத்துக்கொண்ட அனுபவம்

ஐரோப்பிய ஒன்றியத்தின் ப்ளூ கார்டுடன் (உயர்தகுதி பெற்ற வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான வேலை, வதிவிட அனுமதியுடன்) ஜெர்மனியில் வேலை செய்பவர் தன் துணைவரையும் பதினெட்டு வயது நிறையாத பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ள விரும்பினால், சட்டம் பெரும்பாலும் அவருக்குச் சாதகமாகவே இருக்கிறது. அந்நாட்டு வதிவிடச் சட்டத்தின் 30ஆவது பிரிவு கணவன் மனைவிக்கும், 32ஆவது பிரிவு பிள்ளைகளுக்கும் உரியது. தகுதிகள் நிறைவேறிவிட்டால் அனுமதி பெறுவது அவர்களது உரிமை. அது அதிகாரி மனம் வைத்துத் தரும் சலுகை அன்று. ஆனால் அந்த உரிமையை நிறுவும் காகிதங்கள் ஊரிலிருந்து, சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்தும் பிறப்பு இறப்புப் பதிவாளரிடமிருந்தும் வர வேண்டியவை. எங்கள் குடும்பத்தில் காலம் கழிந்தது பெரும்பாலும் அங்கேதான் என்பதால், அந்தப் பகுதியையே சற்று விரிவாக எழுதுகிறேன்.

நான் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஒரு நடுத்தர நகரத்தில் பொறியாளராக வேலைக்குச் சேர்ந்தபோது, கணவரும் மகனும் திருநெல்வேலியில் மாமனார், மாமியாருடன் இருந்தார்கள். இங்கே வேலையில் சேர்பவர்களுக்குப் பொதுவாக ஆறு மாதம் தகுதிகாண் காலம் உண்டு. அது முடிந்த பிறகுதான் குடும்பத்தை அழைக்க முடியும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை. வேலை நிலைக்கட்டும் என்று குடும்பமே முடிவெடுத்துக் காத்திருந்தால் அது வேறு. சட்டம் தடுக்கிறது என்று நினைத்துக் காத்திருக்கத் தேவையில்லை. நிறுவனம் முன்வந்தால் இன்னொரு வழியும் இருக்கிறது. திறன் பணியாளர்களுக்கான விரைவு நடைமுறையை 411 யூரோ கட்டணம் செலுத்தி நிறுவனம் தொடங்கும்போது, ஏறத்தாழ அதே காலத்தில் விண்ணப்பிக்கும் துணைவரையும் மணமாகாத சிறு பிள்ளைகளையும் அதிலேயே சேர்த்துக்கொள்ளலாம். வேலை ஒப்பந்தம் பேசும் கட்டத்திலேயே மனிதவளப் பிரிவிடம் இதைக் கேட்டுவிடுவது நல்லது.

இனி பெயர்களுக்கு வருகிறேன். நம் பாஸ்போர்ட்டில் முன்னெழுத்துக்கு இடமில்லை; அதை விரித்து, தந்தையின் பெயரைக் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் எழுதிவிடுகிறோம். அதனால் என் பாஸ்போர்ட்டில் என் அப்பாவின் பெயரும், கணவரின் பாஸ்போர்ட்டில் என் மாமனாரின் பெயரும், மகனின் பாஸ்போர்ட்டில் என் கணவரின் பெயரும் குடும்பப் பெயர்களாக நிற்கின்றன. ஒரே வீட்டில் மூவருக்கு மூன்று குடும்பப் பெயர்கள். நமக்கு இதில் வியப்பு எதுவுமில்லை. ஆனால் கோப்பைப் படிக்கும் ஜெர்மன் அதிகாரிக்கு, இவர்கள் மூவரும் ஒரே குடும்பம் என்பதை நிறுவ இருப்பவை திருமணச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும் மட்டுமே. அந்த இரண்டில் ஒன்று தடுமாறினாலும் கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

எங்கள் திருமணத்தை 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்திருந்தோம். 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டத்துக்குப் பிறகு மாநிலத்தில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வது கட்டாயம் என்றாலும், மண்டபத்தில் நடந்த திருமணத்தை அழைப்பிதழோடும் புகைப்படத்தோடும் நிறுத்திக்கொண்ட குடும்பங்கள் இன்றும் உண்டு. அவர்கள் முதலில் செய்ய வேண்டிய வேலை பதிவுதான். எங்கள் சான்றிதழில் கணவரின் பெயர் முன்னெழுத்துடன் இருந்தது, பாஸ்போர்ட்டில் விரிந்த பெயர் இருந்தது. ஆனால் தந்தையின் பெயர் தனிக் கட்டத்தில் முழுமையாக அச்சாகியிருந்ததால், முன்னெழுத்து எதைக் குறிக்கிறது என்பதை அந்த ஆவணமே காட்டிவிட்டது. தமிழ்நாட்டில் பெயர் வைக்கும் வழக்கத்தை விளக்கி ஒரு பக்கக் கடிதம் எழுதி இணைத்தோம். அதன்மேல் எந்தக் கேள்வியும் வரவில்லை.

மகனின் பிறப்புச் சான்றிதழ் அவ்வளவு எளிதாக இல்லை. தனியார் மருத்துவமனையில் பிறந்தவன் என்பதால், மருத்துவமனை அனுப்பிய தகவலை வைத்துச் சான்றிதழ் வழங்கியிருந்தார்கள். அதில் குழந்தையின் பெயருக்கான இடம் வெறுமையாக இருந்தது. பிறந்த சில நாட்களில் பதிவாகும் குழந்தைகளுக்கு இது வழக்கமாக நேர்வதுதான். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 14ஆவது பிரிவு இதற்கென்றே இருக்கிறது. தமிழ்நாட்டு விதிகளின்படி, பதிவு செய்த 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். பெயர் சேர்க்கும் வேலை விரைவாகவே முடிந்தது. தொல்லை கொடுத்தது, தாயின் பெயரில் விடுபட்டிருந்த ஓர் ஆங்கில எழுத்து. என் பெயரில் வரும் 'த'வுக்கு 'டி' எழுதி அதனோடு ஒரு 'எச்' சேர்த்திருக்க வேண்டும். மருத்துவமனையின் படிவத்தில் அந்த 'எச்' விடுபட்டு, அப்படியே பதிவேட்டிலும் ஏறியிருந்தது.

முன்னெழுத்தை விளக்கலாம், எழுத்துக்கூட்டல் வேறுபாட்டை விளக்கித் தீர்க்க முடியாது என்பது நான் இதில் தெரிந்துகொண்டது. இரண்டு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கிக்கொள்ளச் சொல்லிப் பலர் அறிவுரை தந்தார்கள். அப்படிச் செய்திருந்தால், தவறான ஆவணம் தவறாகவே இருக்க, அதற்கு மேல் இன்னொரு காகிதம் சேர்ந்திருக்கும். பதிவேட்டிலேயே திருத்துவதுதான் சரியென்று முடிவு செய்தோம். அதே சட்டத்தின் 15ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், பாஸ்போர்ட், ஆதார் ஆகியவற்றின் நகல்களையும் மருத்துவமனையின் கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்தோம். அலுவலகத்துக்கு அலைந்தவர் என் மாமனார். ஒருநாள் அங்கிருந்த எழுத்தர், "ஒரு எழுத்துக்காகவா அண்ணாச்சி இந்த வெயில்ல இவ்வளவு அலையணும்?" என்று கேட்டாராம். "அங்க உள்ளவங்களுக்கு ஒரு எழுத்து மாறினாலும் அது வேற ஆளுதான் தம்பி" என்று மாமனார் சொல்லியிருக்கிறார். அந்த எழுத்தர்தான் பிறகு கோப்பைத் தேடியெடுத்து மேலே அனுப்பினார். அப்படியும் திருத்திய சான்றிதழ் கைக்கு வரப் பல வாரங்கள் ஆயின. வெளிநாட்டு வேலைக்கு முயற்சி செய்யத் தொடங்கும் எவரும், நேர்முகத் தேர்வுக்குத் தயாராவதற்கு முன்பே குடும்பத்தினர் அனைவரின் ஆவணங்களையும் ஒரு மேசையில் பரப்பி, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொல்வது இதனால்தான்.

மொழித் தேர்வைப் பற்றிய குழப்பமும் பரவலாக இருக்கிறது. துணைவராக வருபவர் பொதுவாக ஏ1 எனப்படும் தொடக்க நிலையில் ஜெர்மன் தெரிந்திருப்பதைச் சான்றிதழால் காட்ட வேண்டும். ப்ளூ கார்டு வைத்திருப்பவரின் துணைவருக்கு இந்த நிபந்தனை இல்லை. ஆகவே என் கணவர் தேர்வு எழுதவில்லை. ஆனாலும் காத்திருந்த மாதங்களில் இணைய வகுப்பில் ஏ1 பாடங்களை முடித்துவிட்டே வந்தார். விலக்கு இருக்கிறதே என்று ஒரு சொல்லும் தெரியாமல் வந்திறங்குபவர் முதல் ஆண்டில் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுப் போவதை நான் இங்கே பார்த்திருக்கிறேன். சென்னையில் இருப்பவர்களுக்கு ஜெர்மன் கற்பிக்கும் நுங்கம்பாக்கத்து மாக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்களுக்கு இணைய வகுப்பு போதும்.

விண்ணப்பத்தை ஜெர்மன் வெளியுறவுத் துறையின் தூதரகச் சேவை இணையதளத்தில் பதிவேற்றினோம். 2025 ஜனவரி முதல் நீண்டகால விசாக்கள் அனைத்துக்கும் உலகெங்கும் இந்த வழி திறந்திருக்கிறது. என் ப்ளூ கார்டு, வேலை ஒப்பந்தம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டுகள், வாடகை ஒப்பந்தம், முகவரிப் பதிவுச் சான்று, குடும்பத்தினரையும் காப்பீட்டில் சேர்த்துக்கொள்வதாக என் மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் தந்த கடிதம் ஆகியவற்றை இணைத்தோம். 2024 மார்ச் முதல் திறன் பணியாளர்களின் துணைவருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் போதிய பரப்புள்ள வீடு இருப்பதை நிரூபிக்கும் கட்டாயம் நீக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முன் பெரிய வீடு தேடியே மாதக் கணக்கில் தனித்திருந்த குடும்பங்கள் உண்டு. பதிவேற்றியவற்றைச் சரிபார்த்த பின், சென்னையில் நேரில் வரச் சொன்னார்கள். கட்டணம் பெரியவருக்கு 75 யூரோ, குழந்தைக்கு அதில் பாதி. அதற்கு ஈடாக ரூபாயில் செலுத்தினோம்.

அதன் பிறகு நேர்ந்த காத்திருப்புக்குக் காரணம் சென்னையில் இல்லை. துணைத்தூதரகம் கோப்பை நான் வசிக்கும் நகரத்தின் வெளிநாட்டினர் அலுவலகத்துக்கு அனுப்பி, அதன் ஒப்புதலைக் கேட்கிறது. விசா தாமதமாகும்போது சென்னைக்கு மின்னஞ்சலுக்கு மேல் மின்னஞ்சல் அனுப்புவதைவிட, ஜெர்மனியில் இருப்பவர் தன் நகரத்து அலுவலகத்தில் கோப்பு வந்து சேர்ந்துவிட்டதா என்று கேட்பதே பயன் தரும். நான் கேட்டபோது கோப்பு வந்திருந்தது. ஒரு சம்பளச் சீட்டின் தெளிவான நகல் மட்டும் வேண்டும் என்றார்கள். அனுப்பிய பின் நகர்ந்தது.

வந்திறங்கியதும் இரண்டு வாரங்களுக்குள் முகவரியைப் பதிய வேண்டும். இதற்கு வீட்டு உரிமையாளர் கையொப்பமிட்ட உறுதிச் சான்று தேவை. வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. பதிவு அலுவலகத்தில் இருந்த அம்மையார் மூன்று பாஸ்போர்ட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பெயரின் மேலும் பென்சில் முனையை நகர்த்திப் பார்த்துவிட்டு, மகனின் பெயர் தந்தையின் பெயரோடும் ஒத்துப்போகவில்லை, தாயின் பெயரோடும் ஒத்துப்போகவில்லையே என்று நிதானமாகக் கேட்டார். கணவரின் பாஸ்போர்ட்டில் முதற்பெயராக இருப்பதே மகனின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக இருப்பதைக் காட்டி, பிறப்புச் சான்றிதழை நீட்டினேன். திருத்திய அந்த எழுத்தும் என் பாஸ்போர்ட்டும் ஒத்திருந்ததால் பேச்சு அதோடு முடிந்தது.

விசா முடிந்த பிறகும் தங்குவதற்கான வதிவிட அட்டைக்குத்தான் அதிகம் தவித்தோம். விசாவின் காலம் முடிய ஒரு மாதமே இருந்தபோதும் வெளிநாட்டினர் அலுவலகத்தில் நேரம் கிடைக்கவில்லை. தொலைபேசியை எவரும் எடுக்கவில்லை. குழந்தையை வைத்துக்கொண்டு, சட்டவிரோதமாகத் தங்கியவர்கள் ஆகிவிடுவோமோ என்று அஞ்சியபடி நாட்களைக் கழிப்பது எந்தக் குடும்பத்துக்கும் நேரக் கூடாதது. ஆனால் இங்கும் சட்டம் துணை நிற்கிறது. விசா காலாவதியாவதற்கு முன்பே விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை அந்த விசா அதே உரிமைகளுடன் நீடிப்பதாகவே வதிவிடச் சட்டத்தின் 81ஆவது பிரிவு கொள்கிறது. சந்திப்பு நேரம் கிடைக்கும் நாள் இங்கே கணக்கில்லை. விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நாள்தான் கணக்கு. நாங்கள் இணையவழியில் விண்ணப்பித்து, அதன் நகலைப் பதிவுத் தபாலிலும் அனுப்பினோம். பிறகு 13 யூரோ கட்டணத்தில் இடைக்காலச் சான்று கிடைத்தது. அதை வாங்கும்போது, 81ஆவது பிரிவின் நான்காம் உட்பிரிவு அதில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த உட்பிரிவுக்கு உரிய சான்று இருந்தால்தான் வெளிநாடு சென்று திரும்பி வரலாம். மூன்றாம் உட்பிரிவுக்கு உரியது அதற்கு உதவாது. இறுதியில் கைரேகை கொடுத்து, பெர்லினில் அச்சாகி வந்த அட்டைகளைப் பெற்றோம். அட்டைக்கான கட்டணம் கணவருக்கு 100 யூரோ, மகனுக்கு 50 யூரோ. எந்த வேலையும் செய்யலாம் என்ற அனுமதி கணவரின் அட்டையிலேயே இருந்தது. துணைவராக வந்தவர் வேலை செய்யத் தனியாக அனுமதி கேட்டு நிற்க வேண்டிய நாடுகளும் இருக்க, ஜெர்மனியின் இந்த ஏற்பாட்டை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

பள்ளியில் சேர்க்கும்போது முதலில் கேட்டது தடுப்பூசிச் சான்று. 2020 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள தட்டம்மைத் தடுப்புச் சட்டப்படி, இரண்டு தவணை போட்டதைக் காட்டாமல் மழலையர் காப்பகத்தில் சேர முடியாது; பள்ளியிலும் அந்தச் சான்றைக் காட்ட வேண்டும். ஊரில் ஒன்பதாம் மாதத்துக்குப் பிறகும் ஒன்றரை வயதை ஒட்டியும் போடும் எம்ஆர் (தட்டம்மை, ரூபெல்லா) ஊசிகளே அந்த இரண்டு தவணைகள். தேதியும் முத்திரையும் தெளிவாக உள்ள தடுப்பூசி அட்டையைக் கையோடு கொண்டுவந்தால் போதும். குழந்தை மருத்துவர் அதை இங்குள்ள மஞ்சள் நிறத் தடுப்பூசிப் புத்தகத்தில் ஏற்றித் தருவார்.

பெற்றோரை அழைப்பது பற்றிப் பலர் கேட்கிறார்கள். 2024 மார்ச் 1 அன்றோ அதற்குப் பின்னரோ முதன்முறையாக ப்ளூ கார்டு போன்ற அனுமதி பெற்றவர்கள், தங்கள் பெற்றோரையும், துணைவரும் ஜெர்மனியில் நிரந்தரமாக வசித்தால் அவரது பெற்றோரையும் அழைத்துக்கொள்ள வதிவிடச் சட்டத்தின் 36ஆவது பிரிவில் இப்போது வழி இருக்கிறது. அதற்கு முன்பே வந்தவர்களுக்கு இது பொருந்தாது. நான் அந்தத் தேதிக்குப் பிறகு வந்தவள் என்பதால் மாமனார், மாமியாருக்காக விசாரித்தோம். தடையாக நிற்பது மருத்துவக் காப்பீடு. கணவரையும் மகனையும் கூடுதல் கட்டணமின்றிச் சேர்த்துக்கொண்ட பொதுக் காப்பீட்டின் குடும்ப ஏற்பாடு பெற்றோருக்குக் கிடையாது. அறுபதைக் கடந்த, சர்க்கரை நோயுள்ள ஒருவரை முழுமையாக ஏற்கும் தனியார் காப்பீடு கிடைப்பது அரிது, கிடைத்தாலும் மாதத் தொகை எங்கள் சம்பளத்துக்குத் தாங்காது. குடும்பங்களை மனத்தில் வைத்து எழுதிய ஒரு சட்டப் பிரிவு, காப்பீட்டு வாசலில் வந்து நின்றுவிடுவதை ஜெர்மன் அரசு கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து.

அதனால் இப்போதைக்கு அவர்களுக்குச் சுற்றுலா வருகைக்கான ஷெங்கன் விசாவே வழி. 180 நாட்களில் 90 நாட்கள் வரை தங்கலாம். கட்டணம் ஒருவருக்கு 90 யூரோ. அவர்களது செலவுகளுக்கு நான் பொறுப்பு என்று வெளிநாட்டினர் அலுவலகத்தில் 29 யூரோ கட்டி எழுதித் தரும் உறுதிப் பத்திரத்துக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். அதை வாங்கி ஆறு மாதங்களுக்குள் விசாவுக்குப் பயன்படுத்திவிட வேண்டும் என்பதால், அவர்கள் பயணம் செய்யும் மாதத்தை முடிவு செய்த பிறகே அந்தச் சந்திப்பை வைத்துக்கொண்டோம்.