நொடிக்கு ஆறு படம்: பிளிம்ப்டன் குறிப்புகள்

மார்ச் 4

அமெரிக்க அனிமேஷன் கலைஞர் பில் பிளிம்ப்டன் 1946இல் ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டில் பிறந்தவர். நியூயார்க்கில் 1975இல் ‘சோஹோ வீக்லி நியூஸ்’ என்ற மாற்றுப் பத்திரிகையில் தன் பெயரிலேயே அரசியல் கார்ட்டூன் தொடர் ஒன்றைத் தொடங்கினார். முழுமூச்சாக அனிமேஷனுக்கு வந்தபோது வயது நாற்பதை நெருங்கிவிட்டது. தாமதம் என்பார்கள். வருடக்கணக்கில் சில கட்டங்களுக்குள் சிரிப்பை முடித்துப் பழகிய கைக்கு எந்தக் கோடு வேண்டாம் என்பது தெரியும். பின்னால் அவரைக் காப்பாற்றியது அதுதான்.

மார்ச் 6

முதலில் கணக்கு. சினிமாவுக்கு நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் 24 அசையாக் காட்சிகள். தாளில் வரைந்த ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் நொடிக்கு 12 படம், நான்குக்கு நிறுத்தினால் 6. மூன்று நிமிடப் படத்துக்கு 2,160 தாள் எங்கே, 1,080 தாள் எங்கே! பிளிம்ப்டன் பெரும்பாலும் நான்குக்காரர். பென்சில் கோடு தாளுக்குத் தாள் கொஞ்சம் நடுங்குவதால், ஆள் சும்மா நின்றாலும் உயிரோடு இருப்பதுபோலத் தெரியும். ஆனால் ஒரே தாளை ஒரு நொடிக்கு மேல் நிறுத்தினால் அந்த நடுக்கம் நின்று படம் செத்துவிடும். அதே நிலையை மூன்று தாளில் திரும்ப வரைந்து சுழற்சியாக ஓட்ட வேண்டும். இரண்டு தாள் போதாது, டிக்-டிக் என்று அடிக்கும்.

மார்ச் 9

அவருடைய குறும்படம் ‘யுவர் ஃபேஸ்’, 1987. ஒருவன் உட்கார்ந்து பாடுகிறான், முகம் மட்டும் உருக்குலைகிறது. ஆண் குரல் போலக் கேட்பது பாடகி மௌரீன் மெக்எல்ஹெரனின் குரல். வேகத்தைக் குறைத்து ஓட்டியிருக்கிறார்கள். ஆஸ்கர் பரிந்துரை வரை போன படம் இது.

குறைந்த தாளில் இது ஏன் தாங்குகிறது? அவன் போட்டிருக்கும் கோட்டும் தோளும் அசையவில்லை, பின்னணி வெறுமை. கண்ணுக்குப் பார்க்க ஒரே இடம்தான். இதே நான்கு ஃபிரேம் கணக்கில் ஓர் ஆளைத் திரையின் குறுக்கே ஓடவிட்டால் தத்தித் தத்திப் போவான். அங்கே இரண்டுக்கு இறங்கியே ஆக வேண்டும்.

முகம் உருமாற, தொடக்கம், முடிவு, நடுத் தாள் மூன்றையும் முதலில் வரைய வேண்டும். இடைத் தாள்களைச் சம இடைவெளியில் வைத்தால் ரப்பர் இழுத்ததுபோல் ஆகிவிடும். தொடக்கத்தில் நெருக்கி, நடுவில் தாவி, முடிவில் மறுபடி நெருக்க வேண்டும். பழைய முகம் திரும்பியதும் அரை நொடியாவது விட வேண்டும், சிரிப்பு விழுவது அங்கேதான்.

மார்ச் 10

தாள் 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) போதும். கனம் கூடினால் லைட் பாக்ஸில், அதாவது அடியில் விளக்கு எரியும் வரைபலகையில், அடித்தாள் தெரியாது. தாள் எண் எப்போதும் ஒரே மூலையில். படமெடுக்கும்போது கேமராவில் ஆட்டோ எக்ஸ்போஷரும் (வெளிச்சத்தைத் தானே மாற்றுவது) ஆட்டோ ஒயிட் பேலன்ஸும் (நிறத்தைத் தானே மாற்றுவது) கிடக்கக் கூடாது. தாளுக்குத் தாள் வெளிச்சம் மின்னும்.

மார்ச் 15

வாயசைவு. ‘ப’, ‘ம’ வந்தால் உதடு மூடியே தீர வேண்டும். நான்கு ஃபிரேம் கணக்கில் போகும்போது அந்த மூடல் விழுங்கப்பட்டுவிடும். அங்கே மட்டும் இரண்டு ஃபிரேமுக்கு ஒரு தாள் கூடுதலாகச் செருகி, ஒலிக்கு இரண்டு ஃபிரேம் முன்னாலேயே மூடிவிட்டால் சரியாக உட்காரும். பிந்தினால் டப்பிங் படம் மாதிரி ஆகிவிடும்.

மார்ச் 21

‘தி டியூன்’, 1992. ஏறத்தாழ 70 நிமிட முழுநீளப் படம். சுமார் 30,000 தாளையும் தானே வரைந்தார் என்பது பிரபலம். வகுத்துப் பார்த்தால் சராசரி ஒரு தாளுக்கு மூன்று ஃபிரேம் சொச்சம். பெரிய ஸ்டூடியோ பணம் கிடையாது. படத்தின் பகுதிகளைத் தனிக் குறும்படங்களாக முன்கூட்டியே வெளியிட்டு, அந்தக் காசில் அடுத்த பகுதியை வரைந்தார். அதில் ‘புஷ் கம்ஸ் டு ஷவ்’ 1991இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் நடுவர் பரிசு வாங்கியது. இதற்கு விலையும் உண்டு: ஒவ்வொரு பகுதியும் தனியாக நிற்க வேண்டியிருப்பதால் முழுப் படத்தின் கதை நூல் இளைத்துப்போனது. பாட்டுகளுக்காகப் பார்க்கலாம், கதைக்காக அல்ல.

மார்ச் 22

குறும்படம் எடுக்க வரும் புதியவர்களிடம் பிளிம்ப்டன் சொல்லும் மூன்று விதி: ஐந்து நிமிடத்துக்குள், நிமிடத்துக்குச் சுமார் 1,000 டாலருக்குள், சிரிப்பாக. நீளம்தான் முக்கியம். விழா நடத்துபவருக்கு நாலு நிமிடப் படத்தை எந்த வரிசையிலும் செருகலாம். பதினைந்து நிமிடம் என்றால் வேறு மூன்று பேரைத் தள்ள வேண்டும். விற்கும்போது உரிமையை மொத்தமாகக் கொடுத்துவிடாமல் எத்தனை வருடம், எந்த நாடு, எந்த ஊடகம் என்று ஒப்பந்தத்தில் பிரித்து எழுதிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் அதே படத்தை நாளைக்கு ஒரு தொகுப்பிலும் சேர்க்க முடியும்.