தா ஹை, தீ ஹை, தே ஹை

பாட்னாவில் எங்கள் வீட்டுக்காரரின் பேரன் மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வுக்குப் படிக்கிறான். கணக்கில் புலி. ரீசனிங்கும் நன்றாகவே போடுவான். உதைப்பது ஆங்கிலம்தான். முதல் கட்டத் தேர்வில் ஒரு மணி நேரத்துக்கு 100 கேள்வி. அதில் 25 ஆங்கிலம், ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண், தப்பாகப் போட்டால் அரை மதிப்பெண் போச்சு. மற்றப் பகுதிகளை இந்தியிலேயே படித்து விடை போடலாம். இந்த 25க்கு மட்டும் அந்த வசதி கிடையாது.

நான் வங்கி வேலையில் மாற்றலாகி இங்கே வந்தவள். மதராசி என்றால் ஆங்கிலம் தானாக வரும் என்று இந்தப் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. அதை நான் மறுக்கவில்லை. சாயங்காலம் டீயோடு சில நாள் லிட்டி சோக்காவும் வருகிறது, எதற்கு மறுக்க வேண்டும்?

தாத்தா தன்னைக் 'கர்பூரி டிவிஷன்' என்று சொல்லிக்கொண்டு சிரிப்பார். 1967இல் பீகாரின் துணை முதல்வராகவும் கல்வி அமைச்சராகவும் இருந்த கர்பூரி தாகூர், மெட்ரிகுலேஷனில் ஆங்கிலம் கட்டாயம் என்பதை எடுத்துவிட்டார். ஆங்கிலம் இல்லாமல் தேறியவர்களைக் கிண்டல் செய்ய வந்த பெயர் அது. பட்டணத்துக்காரர்கள் இன்னும் அந்தக் கிண்டலை விடவில்லை. எனக்கென்னவோ தாகூர் பக்கம்தான் நியாயம் என்று படுகிறது. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத பாடத்தில் கிராமத்துப் பிள்ளைகளை ஃபெயிலாக்கி வீட்டுக்கு அனுப்புவதில் என்ன பெருமை? 2024இல் அவருக்குப் பாரத ரத்னா அறிவித்தபோது தாத்தா தெருவுக்கே லட்டு கொடுத்தார்.

சரி, பேரன் கதைக்கு வருகிறேன். டென்ஸ் அவனுக்குத் தெரியாது என்று சொல்லவே முடியாது. பன்னிரண்டும் மனப்பாடம். இந்தி வாக்கியம் 'தா ஹை, தீ ஹை, தே ஹை' என்று முடிந்தால் ப்ரசென்ட் இன்டெஃபனிட். 'ரஹா ஹை' என்றால் கன்டினுவஸ். 'சுகா ஹை' என்றால் பெர்ஃபெக்ட், ஹேஸ், ஹேவ் போட்டு வெர்பின் தேர்ட் ஃபார்ம். 'கா, கே, கீ' என்றால் ஃப்யூச்சர். கோச்சிங் வகுப்பில் வால் பார்த்து மாடு வாங்குகிற மாதிரி, வாக்கியத்தின் கடைசிச் சொல்லைப் பார்த்தே டென்ஸ் சொல்லிவிடுகிறார்கள். இந்தியிலிருந்து மொழிபெயர்க்க அது போதும். எஸ்எஸ்சியில் கொடுப்பதோ நேராக ஆங்கில வாக்கியம், அதில் பிழை எங்கே என்பதுதான் கேள்வி. அங்கே பார்க்க வாலே இல்லை.

'மைன் பாஜார் ஜாதா ஹூன்' (நான் கடைக்குப் போகிறேன்) என்பதை இங்கே நிறைய பிள்ளைகள் முதலில் 'ஐ ஆம் கோ டு மார்க்கெட்' என்றுதான் எழுதுவார்கள். ஹூன் இருக்கிறதே, அதற்கு ஒரு 'ஆம்' வேண்டாமா? நியாயமான கேள்விதான். 'ஆம் போடாதே' என்று மட்டும் சொல்லிவிட்டால் மறுவாரம் அது திரும்ப வந்து நிற்கும். நான் அவனிடம், போவதில்லை என்பதை இந்தியில் சொல்லச் சொன்னேன். 'மைன் நஹீன் ஜாதா' என்றான். ஹூன் எங்கேடா போச்சு என்றேன். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். வேண்டாதபோது உதிர்ந்துவிடுகிற அந்த ஹூன் வேறு, 'மைன் பீமார் ஹூன்' (எனக்கு உடம்பு சரியில்லை) என்பதில் இருக்கிற ஹூன் வேறு. இரண்டாவதுக்குத்தான் ஆங்கிலத்தில் ஆம் வரும். அதற்கப்புறம் அவன் அங்கே தடுமாறவில்லை.

பாஸ்ட் பெர்ஃபெக்டில் சிக்கல் வேறு. 'கல் மைன் பாஜார் கயா தா' என்பது இந்தியில் சாதாரணப் பேச்சு, நேற்று கடைக்குப் போனேன், அவ்வளவுதான். அந்த 'தா'வைப் பார்த்ததும் கை தானாக 'ஹேட் கான்' என்று எழுதிவிடும். நாமும் 'நேத்து கோயிலுக்குப் போயிருந்தேன்' என்பதை அப்படியே 'ஹேட் கான்' ஆக்குகிறவர்கள்தான், அதனால் சிரிக்க நமக்கு உரிமை இல்லை. ஆங்கிலத்தில் ஹேட் வேண்டுமென்றால் இரண்டு சம்பவம் வேண்டும், முந்தியது எது பிந்தியது எது என்ற கணக்கு வேண்டும். இதற்கு வட இந்தியாவின் இலக்கணப் புத்தகங்களில் தலைமுறை தலைமுறையாக ஒரே உதாரணம்தான்: டாக்டர் வருவதற்கு முன்பே நோயாளி இறந்திருந்தார். தாத்தா காலத்தில் செத்த நோயாளி பேரன் புத்தகத்திலும் செத்துக்கொண்டிருக்கிறார், டாக்டர் இன்னும் நேரத்துக்கு வந்தபாடில்லை.

ஒரே ஒரு இடத்தில் தமிழுக்கு அதிர்ஷ்டம். 'பாஞ்ச் சால் சே' என்றாலும் 'ஸோம்வார் சே' என்றாலும் இந்தியில் ஒரே 'சே'. அதனால் ஃபார், சின்ஸ் இரண்டும் குழம்பி 'சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்று விழுகிறது. நமக்கு 'அஞ்சு வருஷமா' வேறு, 'திங்கட்கிழமையிலிருந்து' வேறு. பிரிவு ஏற்கெனவே கையில் இருக்கிறது. இருந்தும் நம்மவர்களும் 'சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்கிறார்கள், அது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

ஆர்ட்டிகிளில் ஏ, ஆன் சுலபம். ஆங்கிலச் சொல்லைத் தேவநாகரியில் எழுதிப் பார், உயிரெழுத்தில் தொடங்கினால் ஆன் போடு என்று கோச்சிங்கில் சொல்லிக்கொடுப்பார்கள். உண்மையிலேயே நல்ல வழி. மணி என்கிற ஆவர், எம்எல்ஏ இரண்டுக்கும் ஆன். யூனிவர்சிட்டி 'ய'வில் தொடங்குவதால் ஏ. தமிழில் எழுதிப் பார்த்தாலும் இதே விடைதான் வரும்.

'த' என்பதற்குத்தான் அவனிடம் ஒரு நீண்ட பட்டியல் இருந்தது. கங்கைக்கு த, இமயமலைக்கு த, தாஜ்மகாலுக்கு த, ராமாயணத்துக்கு த, ஆனால் 'வால்மீகியின் ராமாயணம்' என்றால் கிடையாது. அப்புறம் காளிதாசன் இந்தியாவின் ஷேக்ஸ்பியர் என்கிற அந்த வாக்கியம், அதில் ஷேக்ஸ்பியருக்கு முன்னால் ஒரு த. இதையெல்லாம் உருப்போட்ட பையன், 'கதவைச் சாத்து' என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது த போட மறந்துவிடுகிறான். பட்டியலில் கதவு இல்லையே!

இந்தியில் ஆர்ட்டிகிள் இல்லை, அதனால் அவர்களுக்கு அந்த உணர்வே இல்லை என்று சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 'கிதாப் படீ' என்றால் ஏதோ புத்தகம். 'கிதாப் கோ படா' என்றால் நமக்குத் தெரிந்த அந்தப் புத்தகம். நாம் 'புத்தகம் படித்தேன்', 'புத்தகத்தைப் படித்தேன்' என்று பிரிப்பது போலத்தான். 'கமரே மேன் லட்கா ஹை' என்றால் யாரோ ஒரு பையன். 'லட்கா கமரே மேன் ஹை' என்று மாற்றிப்போட்டால், இவ்வளவு நேரம் தேடிக்கொண்டிருந்த அந்தப் பையன் அறையில்தான் இருக்கிறான். சொல்லின் இடமே த வேலையைச் செய்துவிடுகிறது. இதைக் காட்டியதும் அவனே உதாரணம் அடுக்க ஆரம்பித்தான். எல்லா இடத்திலும் இது செல்லாது. மனிதர்களைச் சொல்லும்போது 'கோ' பெரும்பாலும் எப்படியும் வந்துவிடும், அதை நம்பி த போட்டால் மாட்டிக்கொள்வோம். ஆனாலும் பாதிக் கிணறு தாண்டிவிடலாம்.

மீதிப் பாதியில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஜெயில் எல்லாம் வரும். படிக்கப் போகிறவன் 'டு ஸ்கூல்' போகிறான், ஃபீஸ் கட்டப் போகும் அப்பா 'டு த ஸ்கூல்' போகிறார். அதற்காவது ஒரு காரணம் சொல்லிவிடலாம். படுத்திருக்கும் நோயாளியைப் பிரிட்டிஷ்காரர்கள் 'இன் ஹாஸ்பிட்டல்' என்கிறார்கள், அமெரிக்கர்கள் 'இன் த ஹாஸ்பிட்டல்' என்கிறார்கள். இதற்கு என்ன காரணம் சொல்வது? மனப்பாடம் பண்ணிக்கோ என்றேன்.

"அப்போ இதையும் ரட்டா மார வேண்டியதுதானா, தீதி?" என்று கேட்டுவிட்டு, பட்டியலின் அடியில் ஆஸ்பத்திரியையும் சேர்த்துக்கொண்டான்.