ஃபார்கோவின் பிரேக்

அப்பச்சி ஆத்தங்குடி டைல்ஸ் ஏற்றி ஓட்டிய ஃபார்கோ லாரி எங்கள் வீட்டுப் பின்கட்டில் 11 ஆண்டுகள் நின்றது. செட்டிநாட்டு வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருப்பதால்தான் அவ்வளவு பெரிய வண்டிக்கு வீட்டோடு ஒட்டி இடம் கிடைத்தது. சென்ற மார்கழியில் இஞ்சினை உயிர்ப்பித்துவிட்டேன். ஆனால் பிரேக்கை ஒரு முறை மிதித்ததும் சக்கரங்கள் இறுகிக்கொண்டன. காலை எடுத்த பிறகும் விடவில்லை.

வண்டியை நிறுத்துவதற்கு முந்தைய மாதம், ஒரு பட்டறையில் குறைந்திருந்த பிரேக் ஆயிலை நிரப்பித் தந்தார்கள் என்றும், அதன் பிறகு சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம்கள் தொட முடியாதபடி சுட்டன என்றும் அப்பச்சி சொன்னது நினைவுக்கு வந்தது. மிதியை அழுத்தும்போது திரவத்தைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் மூடியைத் திறந்து, உள்ளே இருந்ததில் சிறிதளவு எடுத்து ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் விட்டேன். பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது உண்மையில் எண்ணெய் அன்று. கிளைக்கால் வகைத் திரவமாதலால் தண்ணீரோடு கலந்துவிடும். நான் விட்டதோ பாதிக்கு மேல் மேலே மிதந்தது. யாரோ இஞ்சின் ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள். அந்த ஆயில் பட்டால் பிரேக்கின் ரப்பர் கப்புகள் ஊறிப் பருத்துவிடும். பருத்த கப், மாஸ்டர் சிலிண்டரில் திரவம் தொட்டிக்குத் திரும்பும் ஊசித்துளையை அடைத்துக்கொள்ள, குழாய்களில் அழுத்தம் தேங்கி, டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூக்கள் அதை விடாமல் பற்றிக்கொள்கின்றன.

காரைக்குடியில் நெடுங்காலம் லாரி வேலை பார்த்து இப்போது ஓய்விலிருக்கும் மெக்கானிக் அண்ணன் ஒருவர் வந்து பார்த்தார். "தம்பி, இதில் ரப்பர் எதையும் நம்ப வேண்டாம். ஹோஸ் உட்பட எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்" என்றார். வெளியே நன்றாகத் தெரிந்த ஹோஸ் ஒன்றை வெட்டிப் பார்த்தபோது, உட்சுவர் வீங்கி, துளை ஊசி நுழையும் அளவுக்குக் குறுகியிருந்தது. அவர் சொன்னதன் பொருள் அப்போதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது.

வண்டியை ஜாக்கியில் தூக்கி, கனமான மரக்கட்டைகளின் மேல் அமர்த்திய பிறகே அடியில் நுழைந்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி லாரிக்கு அடியில் படுப்பதை நான் யாருக்கும் அனுமதிக்க மாட்டேன். ஷூக்களின் மேல் பதித்த உராய்வுப் பட்டைகளான பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால், டிரம்மிலிருந்த தூசியைக் காற்றடித்து ஊதாமல், முகத்தை மூடிக்கொண்டு ஈரத்துணியால் துடைத்தெடுத்தேன். வலப் பின்சக்கரத்தில் ஆக்ஸில் சீல் கசிந்து லைனிங் முழுவதும், பின் ஆக்ஸில் கியர்களுக்கு ஊற்றும் கிரௌன் ஆயிலில் ஊறியிருந்தது. அதைப் பெட்ரோலில் கழுவிக் காயவைத்தால் போதும் என்று சிலர் சொல்வதுண்டு. நான் ஏற்கவில்லை; உள்ளே ஊறிய ஆயில் சூடேறும்போது மறுபடியும் மேலே வரும். புது சீலும் புது லைனிங்கும் போட்டேன். ரிவெட்டுகளை நடு ஓட்டையிலிருந்து தொடங்கி இரு ஓரங்களை நோக்கி அடித்தால்தான் லைனிங் ஷூவோடு இடைவெளியின்றிப் படியும்.

ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டர்களில் இரண்டின் அடிப்பகுதியைத் துரு அரித்துக் குழி விழுந்திருந்தது. லேத் பட்டறையில் அவற்றுக்கு உள்ளே ஸ்லீவ் என்னும் உலோக உறை அடித்து வாங்கினேன். ஒரே ஆக்ஸிலின் இரு டிரம்களையும் ஒரே அளவுக்குக் கடையச் சொன்னேன். அளவு வேறுபட்டால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். இரும்புக் குழாய்களுக்குள் ஸ்பிரிட்டை ஓடவிட்டு, பழைய ஆயிலின் சுவடு இல்லாதபடி கழுவி உலர்த்தினேன். புதுக் கப்புகளைப் புது பிரேக் ஆயிலில் நனைத்தே பொருத்தினேன். கிரீஸையோ மண்ணெண்ணெயையோ அருகில்கூட வைக்கவில்லை.

புதிதாக உடைத்த டாட் 3 தர பிரேக் ஆயில் டப்பாவைத்தான் ஊற்றினேன். இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டிய கொதிநிலை, ஈரம் ஏறிய பின் 140 டிகிரி வரை இறங்கலாம். முழுப் பாரத்தோடு அடிக்கடி பிரேக் போடும் வண்டியில் அது கொதித்து ஆவியானால் மிதி வெறுமனே தரைவரை போகும்.

குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றும், அதாவது ஏர் எடுக்கும் நாளில் மனைவி ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். ஸ்டியரிங் வலப்பக்கம் இருப்பதால் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ளது இடப் பின்சக்கரம், அங்கிருந்து தொடங்கினோம். "மிதி" என்றால் மிதித்து, நான் சக்கரத்தில் காற்றை வெளியே விடும் திருகான நிப்பிளை மூடி "விடு" என்று சொன்ன பிறகே காலை எடுக்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம். நான்காவது சக்கரத்திலும் குமிழ்கள் நின்றபோது, அதுவரை பஞ்சுபோல் அமுங்கிய மிதி பாதி தூரத்திலேயே கல்லாக நின்றது. தள்ளுகம்பிக்கும் பிஸ்டனுக்கும் இடையே சிறு இடைவெளி இருக்கிறதா என்பதை மட்டும் மறுபடி சரிபார்த்தேன். அது இல்லாவிட்டால் அதே ஊசித்துளை மீண்டும் அடைபட்டு, பழைய தொல்லையே திரும்பும்.

மறுநாள் காலை ஊருணிக் கரையை ஒட்டிய செம்மண் பொட்டலில், பாரம் ஏற்றாமல், மெதுவாக ஓட்டி நிறுத்தினேன். நான்கு சக்கரங்களின் தடங்களும் நேராக முடிந்திருந்தன. இறங்கி ஒவ்வொரு டிரம்மாகத் தொட்டுப் பார்த்தேன். மூன்று இளஞ்சூடாக இருந்தன. வலப் பின்சக்கரம் மட்டும் சற்றுக் கூடுதலாகச் சுட்டது. ஷூவை ஒரு பல் தளர்த்திவிட்டு மறுபடியும் அதே பொட்டலைச் சுற்றி வந்தேன்.