உளுந்து எடுத்த வயலில் ஒரு ராத்திரி

திருவாரூர் பெரிய கோயிலுக்கு வடகிழக்கே கல்லில் ஒரு தேர் இருக்கிறது. சக்கரத்துக்கு அடியில் ஒரு கன்றுக்குட்டி. பங்குனி வெயிலில் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். மனுநீதிச் சோழன் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன்தான் நானும். மகனையே தேர்க்காலில் இட்ட ராஜாவின் பெருமையாகத்தான் அதைச் சொல்லிக் கொடுத்தார்கள். இந்தத் தடவை எனக்கு அந்தப் பசுதான் பெரிதாகத் தெரிந்தது. ஒரு மாட்டுக்கும் முறையிட உரிமை உண்டு, அதைக் கேட்க ஒருவர் இருந்தாக வேண்டும் என்று இந்த ஊர் ஒரு காலத்தில் நம்பியிருக்கிறது.

அப்படித் தெரிந்ததற்குக் காரணம் உண்டு. மார்கழியில் தெரிந்தவர் ஒருவரோடு ஒரு கறிக்கோழிப் பண்ணைக்குள் போயிருந்தேன். ஆறு வாரத்தில் இரண்டு கிலோ வந்துவிடும் என்றார்கள். கால் ஊன்ற முடியாமல் நெஞ்சு தரையில் பட உட்கார்ந்திருந்த கோழிகள் எத்தனையோ. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கடை வாசலில் நிற்க எனக்கு மனசு வரவில்லை. கறி சாப்பிட்டே வளர்ந்தவன் நான். விடுவதா, வேண்டாமா என்று வீட்டில் உட்கார்ந்து யோசித்ததில் தெளிவு வரவில்லை. வெளியில் வளரும் ஆடு மாடுகளைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று கிளம்பினேன்.

பஸ்ஸில் திருத்துறைப்பூண்டி. அந்தப் பக்கத்தில்தான் உம்பளாச்சேரி. அந்த ஊர்ப் பெயரையே வைத்திருக்கிற மாட்டினம், பிறக்கும்போது செவலையாக இருந்து சில மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். நெற்றியில் வெள்ளைச் சுட்டி, காலடியிலும் வெள்ளை. டெல்டாவின் சேற்றில் இறங்கி உழ இதற்கு நிகரில்லை என்பார்கள். காளைகளுக்குக் கொம்பைத் தீய்த்துவிடும் வழக்கம் இருந்ததால் மொட்டை மாடு என்றும் பெயர். நாட்டு மாடு என்றதும் அந்தக் காலமே பொற்காலம் என்று பேசுகிறோம். இந்தச் சூட்டையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டும்.

டிராக்டர் வந்த பிறகு உழவுக்கு மாடு தேவையில்லை. பசுவும் சீமைப்பசு மாதிரி கறக்காது. அப்படியானால் பிறக்கிற காளைக்கன்று என்ன ஆகும்? ஒரு வீட்டுத் திண்ணையில் கேட்டேன். அந்த அம்மா சிறிது நேரம் பேசவில்லை. அப்புறம், "வளர்க்க முடிஞ்சா வளர்ப்போம், இல்லன்னா வியாபாரிகிட்ட பிடிச்சு விட்ருவோம் தம்பி," என்றார். எனக்குக் கொடுத்த டீயில் அந்தக் கன்றின் தாயுடைய பால்தான் இருந்தது. பாலைக் கறியிலிருந்து தனியாகப் பிரித்து நல்லது என்று வைத்திருந்தேனே, அது அங்கே உடைந்துபோனது.

சாயங்காலம் ஒரு கிடைக்குப் போய்ச் சேர்ந்தேன். சம்பா அறுத்து, அதில் தெளித்த உளுந்தும் எடுத்த பிறகு வயல்கள் சும்மா கிடக்கும். அப்போது ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் செம்மறிகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். பகலில் மேய்ச்சல், ராத்திரி ஒரு வயலில் வலை கட்டி அடைப்பு. புழுக்கையும் மூத்திரமும் அந்த மண்ணுக்கு. வயல்காரர் ராத்திரிக்கு இவ்வளவு என்று கூலி கொடுப்பார். ஆட்டெரு அவ்வருடம், மாட்டெரு மறுவருடம் என்று சும்மா சொல்லவில்லை. வழக்கமாக ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வருவதற்குள் ஊர் திரும்பிவிட வேண்டும்.

அந்த வயல்காரர் சுத்த சைவம். வீட்டில் முட்டைகூட வராது. ஆனாலும் வருஷா வருஷம் கிடை போடுகிறார். கூலி மட்டும் வைத்து ஒரு கீதாரிக் குடும்பம் பிழைக்க முடியாது. கிடாக்குட்டி விற்ற காசு இருந்தால்தான் அடுத்த பங்குனிக்கும் கிடை வரும். அவர் வீட்டுச் சோற்றிலும் ஆடு இருக்கிறது. இதைச் சொல்லிக் கறி தின்பதை நியாயப்படுத்த நான் வரவில்லை. தக்கைப்பூண்டும் கொழிஞ்சியும் விதைத்து மடக்கி உழுது, ஆடே இல்லாமல் மண்ணைத் தேற்றலாம். செய்கிறவர்களும் உண்டு. இன்றைக்கு அந்த வயலில் நடப்பதைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

ராத்திரி பனி இறங்கியது. நானூறு ஆடுகள் அசை போடும் சத்தம் மழை தூறுவது மாதிரி இருந்தது. இரண்டு மணிவாக்கில் ஒரு ஆடு ஈன்றது. கீதாரியின் மனைவி டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டு, குட்டியின் மூக்கைத் துடைத்து, தாயின் மடியில் வாயை வைத்துவிட்டார்.

"கிடாவாக்கா, மறியா?"

"கிடா."

குட்டிகளை அடைக்கும் கூடாப்புக்குள் அதை விடும்வரை கொஞ்ச நேரம் நான் வைத்திருந்தேன். சட்டையெல்லாம் ஈரம். உள்ளங்கையில் அதன் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது.

"விக்கிறப்போ கஷ்டமா இருக்காதா ஐயா?" என்று கீதாரிப் பெரியவரிடம் கேட்டேன். "விக்கிற அன்னைக்கு நான் இருக்க மாட்டேன் தம்பி. விடியுமுன்ன ஆட்டை ஓட்டிட்டுப் போயிருவேன். அவதான் எண்ணிக் குடுப்பா."

இந்த ஆடுகள் வெயில், மழை, புல், தாய் எல்லாம் கண்டவை. அந்தப் பண்ணைக் கோழிகள் எதையும் காணவில்லை. கறிக்கோழியை இனி என்னால் தொட முடியாது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் என் கையில் கிடந்த குட்டிக்கு நான் என்ன சொல்வது? நன்றாக வாழ்ந்தாய், அதனால் போகலாம் என்றா? அந்தப் பதிலை அதன் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

விடிந்தபோது பெரியவர் இல்லை, ஆடுகளும் இல்லை. ஏழு மணிக்கு ஒரு குட்டியானை வண்டி வந்து வரப்போரம் நின்றது. வளர்ந்த கிடாக்கள் பதினொன்றை வலைக்குள்ளேயே நிறுத்தி வைத்திருந்தார் அக்கா. வியாபாரி ஒவ்வொன்றாகத் தூக்கி ஏற்றினார். பின்கதவு நிற்காமல் விழுந்துகொண்டே இருந்ததால், "தம்பி, இதைக் கொஞ்சம் பிடிங்க," என்றார். பிடித்தேன். பதினொன்றும் ஏறும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.

வண்டி போனதும் அக்கா ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டு வலைக்குச்சிகளைப் பிடுங்க ஆரம்பித்தார். அன்றைக்கு ராத்திரி அடுத்த வயல். நானும் ஒரு பக்கம் பிடுங்கினேன். கூடாப்புக்குள்ளிருந்து ராத்திரிக் குட்டி கத்தியது. பால் குடிக்க அதன் தாய் உச்சிவேளைக்குத்தான் திரும்பும் என்றார்.